இடது பக்கச் சத்தம்

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு பதினொன்றாவது மாடியில் இருக்கிறது. மகள் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போன பிறகு நானும் என் மனைவியும் மட்டும்தான். சனிக்கிழமை மாலையானால் ஹாலில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். அதற்கென்றே ஒரு கணினியை நானே பொருத்தி டிவிக்குக் கீழே வைத்திருந்தேன். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தரையில் பாஸ் என்னும் கனத்த ஒலிக்கு ஒரு பெரிய பெட்டி. சோபாவின் இடது கோடி அவளுடையது, வலது கோடி என்னுடையது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓடாத சர்க்கியூட் போர்டுகள் என் மேசைக்கு வரும். எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அவள் பாலர் பள்ளியில் ஆசிரியை. வேலை முடிந்து வரும்போது அவளுக்குப் பேசித் தீராது. எனக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். இருபத்து நான்கு வருடம் அப்படியே போய்விட்டது. சண்டை சச்சரவு இல்லை. அதையே நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எனக்கு ஒரு சவுண்ட் கார்டு பைத்தியம் பிடித்தது. படம் பார்க்கிற கணினிக்குத் தனியாக விலை உயர்ந்த சவுண்ட் கார்டு தேவையா, மதர்போர்டில் இருப்பதே போதாதா என்று இணையத்தில் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின் இரைச்சல் எல்லாம் சத்தத்தில் கலந்துவிடும், நல்ல கார்டு போட்டால்தான் சுத்தமாக வரும் என்று ஒரு கூட்டம். காசுக்குப் பிடித்த கேடு என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் மாதக்கணக்கில் படித்தேன். கடைசியில் கொம்தார் பக்கத்தில் ஒரு கணினிக் கடையில், இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கிவந்து மாட்டினேன். கார்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனிக் கேபிள்.

மறுநாள் சனிக்கிழமை. அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சளி. பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் வந்து உட்கார்ந்தாள். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆனதும் கேட்டேன்.

"சத்தம் எப்படி? வித்தியாசம் தெரியுதா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பக்கம் ஒண்ணும் வரலியே" என்று இடது பக்கம் கையைக் காட்டினாள்.

எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எத்தனையோ முறை எதை எதையோ மாற்றிவிட்டு அவளிடம் கேட்டிருக்கிறேன். எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு என்பாள். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு குறையைச் சொல்கிறாள். படத்தை நிறுத்திவிட்டு அவள் இடத்தில் நான் உட்கார்ந்து கேட்டேன்.

"வருதே."

"எனக்கு வரல லா."

எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வது விட்டு விட்டு வரும் பழுதுதான். போர்டு சூடானால் வரும், ஆறினால் போய்விடும். நாம் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். இதுவும் அந்த வகை என்று முடிவு செய்தேன். புதிதாக மாட்டியது கார்டு. அதனால் பழுது கார்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை கேபிள்களை மாற்றினேன். திங்கட்கிழமை வேலை விட்டு வந்து, உடுப்புகூட மாற்றாமல், கார்டின் இடது வலது இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். கார்டில் பழுது என்றால் சத்தம் வராத பக்கம் இப்போது வலது பக்கமாக இருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இப்ப எந்தப் பக்கம்?"

"இப்பவும் இந்தப் பக்கம்தான்."

அப்படியானால் கார்டு இல்லை, ஸ்பீக்கர். இடது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பின்னால் இருந்ததை மாட்டினேன். ஆம்ப்ளிஃபையரிலும் கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே பதில். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. அறை, அதில் உட்கார்ந்திருந்தவள். நான் அறையைச் சந்தேகப்பட்டேன். அலமாரியை நகர்த்தினேன். ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போட்டேன். இடது பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். எனக்கு அந்தப் பக்கம் காதைக் கிழித்தது. "இப்ப கேக்குதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

நடுவில் ஒருநாள், "காது அடச்ச மாதிரி இருக்குங்க" என்றாள்.

"சளிதான். போயிரும்" என்றேன். பார்மசியில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம், "ஊன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றாள். எனக்கு மறுபடியும் உற்சாகம். எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கரில் அப்படித்தான் ஊ என்று உறுமும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "இப்ப நின்னுருச்சா?" என்றேன். இல்லை என்றாள். குளிர்சாதனப் பெட்டியின் சத்தமாக இருக்கும் என்று சொன்னேன். அதையும் ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

என் சந்தேகம் மறுபடியும் கார்டின் மேலேயே திரும்பியது. அடுத்த நாள் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், தமிழ் முஸ்லிம். பொறுமையாக ஒரு கணினியில் அதை மாட்டி, இரண்டு பக்கமும் ஓடவிட்டு, ஹெட்ஃபோனை என்னிடமும் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் நல்லா ஓடுது அண்ணே. கார்டுல ஒண்ணும் இல்ல. யாருக்குக் கேக்கல?"

"வீட்டுல, வைஃபுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்குக் கேக்குது."

அவர் ஹெட்ஃபோனை மேசையில் வைத்தார்.

"அப்ப காதைக் காட்டுங்க அண்ணே. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

கார்டைப் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். ஆம்ப்ளிஃபையருக்கு எச்டிஎம்ஐ கேபிள் போட்டால், சத்தம் வெறும் எண்ணாகத்தான் போகும். அதைச் சத்தமாக மாற்றுவது ஆம்ப்ளிஃபையர். நடுவில் இந்தக் கார்டுக்கு வேலையே இல்லை. தனித்தனிக் கேபிளில் கேட்பவர்களுக்கும் ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கும் வேண்டுமானால் உதவும். வாங்க வந்த அன்றே சொல்லியிருப்பேன், நீங்கள்தான் எல்லாம் தெரிந்தவர் மாதிரி கேட்டீர்கள் என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே அவளுக்குப் போன் செய்து, கிளினிக்குக்குக் கிளம்பி இரு என்றேன்.

பக்கத்துக் கிளினிக் டாக்டர் அவள் காதுக்குள் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே காது டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். ஒரு சிறிய அறைக்குள் என் மனைவியை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அவள் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. இடது காதுக்கு மாற்றினார்கள். விரல் அப்படியே இருந்தது. கேட்கிறதா என்று பார்க்கத் தலையைச் சாய்த்தாள். விரல் அசையவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

"ரெண்டு மூணு வாரம் இருக்கும்" என்றாள் அவள்.

நான் நாளையும் தேதியையும் சொன்னேன். மாலை எத்தனை மணி என்பதுகூட எனக்குத் தெரியும். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சில பேருக்குத் திடீரென்று ஒரு காது இப்படிப் போய்விடும், முதல் சில நாளில் மருந்தை ஆரம்பித்தால் திரும்பிவர வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும் என்றார். முதல் நாளே வந்தாலும் சிலருக்குத் திரும்புவதில்லை என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை என் மனைவி பிடித்துக்கொண்டாள். இன்றுவரை அதைத்தான் எனக்குச் சொல்கிறாள். எனக்கு முதல் வாக்கியம்தான் கேட்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் உப்பி, தூக்கம் கெட்டு, தொட்டதற்கெல்லாம் அழுதாள். பிறகு காதுச் சவ்வு வழியாக ஊசி, வாரத்துக்கு ஒன்று. ஊசி போட்ட பிறகு அசையாமல் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். பிடிக்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றும், விடவும் முடியாது. கடைசிச் சோதனையிலும் இடது பக்கம் விரல் அசையவில்லை. அந்த ஊ சத்தம் மட்டும் தங்கிவிட்டது.

ஒரு காது போனால் பாதிதான் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. பாசாரில் காய்கறி வாங்கும்போது நான் பின்னால் நின்று கூப்பிட்டால் அவள் கூட்டத்தை நாலா பக்கமும் தேடுவாள். பள்ளியில் ஒருநாள் ஒரு பெண் குழந்தை அவளுக்குப் பின்னால் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு அழுதிருக்கிறது. இவள் வாசல் பக்கம் ஓடிப்போய் யார் அழுவது என்று தேடியிருக்கிறாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள்.

கார்டை நான் மறுபடி மாட்டவில்லை. கடைக்காரர் சொன்னபடி ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போட்டேன். சத்தத்தில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. கார்டு மாட்டிய புதிதில் பெரிய வித்தியாசம் தெரிகிறது என்று வேலையிடத்தில் எல்லாரிடமும் சொன்னவன் நான். பிறகு அவளுக்காக இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து வைத்தேன். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றையே பேசின. அவள் ஒரு படம் பார்த்தாள். இரைச்சலாக இருக்கிறது, தலை வலிக்கிறது என்று எழுந்து போனாள். அதன்பின் சனிக்கிழமைகளில் நாங்கள் படம் போடுவதில்லை. வேலையிடத்தில் யாராவது வீட்டுக் கணினிக்கு நல்ல சவுண்ட் கார்டு வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்டால் எச்டிஎம்ஐ விஷயத்தை மட்டும் சொல்வேன்.

வேலையை விட்டுச் சில மாதம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"பழுது ஸ்பீக்கர்ல இல்லன்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும். போனை இந்தக் காதுல வச்சேன். மக பேசறது கேக்கல."

"அப்ப ஏன் சொல்லல?"

"காது அடச்சிருக்குன்னு சொன்னேனே. நீங்க சளின்னீங்க. நானும் சளி போனா சரியாயிரும்னு நெனச்சேன்." சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "அந்த மூணு வாரமும் வேலை விட்டு வந்ததும் நேரா எங்கிட்டதான் வந்தீங்க. இங்க உக்காரு, இப்ப கேக்குதா, இப்ப எப்படி இருக்குன்னு. வேற எப்பங்க என்னை அப்படிக் கேட்டிருக்கீங்க? பழுது ஸ்பீக்கர்ல இல்லன்னு சொன்னா அதுவும் முடிஞ்சிரும்னு இருந்துச்சு."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று கேட்டால் எதைச் சொல்வது, காதையா, மற்ற வருடங்களையா? சொல்லாமல் விட்டேன். அவள் என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

இப்போது நான் பேசுவதற்கு முன் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போகிறேன். மறந்துபோய் இடது பக்கம் நின்று பேசிவிடும் நாட்களும் உண்டு. பதில் வராது. கேட்கவில்லை போல என்று சுற்றிவந்து மறுபடி சொல்வேன். சில நாள் அப்போதும் பதில் வருவதில்லை.