ஆபீசர் வந்த நாளில் என் மகள்

பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஜரினாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உள்ளூர்ப் பள்ளியில் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

சென்ற ஆண்டு ஒருநாள் தலைமை ஆசிரியர் கடைக்கு வந்தார். "பாய், நாளைக்கு ஆபீசர் வர்றாரு. பொண்ண அனுப்பாத. ஸ்கூலுக்குக் கெட்ட பேரு" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று நிறுத்திவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் அந்த அதிகாரி என் கடையில் ஜீப்பை நிறுத்திச் சோடா கேட்டார். காது கேளாத பிள்ளைகளைக் கண்டுபிடித்து டவுனில் அவர்களுக்கான பள்ளியில் சேர்ப்பதுதான் அவர் வேலையாம்.

"இந்த ஊர்ல அப்படி ஒருத்தருமே இல்லன்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு. வாத்தியாருக்குப் பயிற்சி தர்றோம்னேன், அதுவும் தேவையில்லன்னுட்டாரு" என்றார்.

பருப்பு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜரினாவைப் "பாப்பா!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் வயதைக் கேட்டார்.

"கடைசி இடத்த இப்பதான் பக்கத்து ஊர்ப் பையனுக்குக் குடுத்தேன். அடுத்த வருஷம் இவளுக்குச் சேர்க்குற வயசு தாண்டிடுமே, பாய்."

பள்ளிக்கு ஓடினேன். தலைமை ஆசிரியர் சிரித்தார். "இன்னா பாய், செவிட்டுப் பொண்ணு படிச்சி கலெக்டரா ஆவப் போவுது?"

இப்போதெல்லாம் பள்ளி வாசலில் ஜீப் நின்றால், தெருவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் இருந்தாலும் கையைப் பிடித்து அழைத்துப்போய் அதிகாரியின் எதிரில் நிறுத்துகிறேன். அதுவரை ஜரினாதான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். சாமான் வாங்க வருகிறவர்கள், அதிர்வில் அவள் திரும்பும்படி கடைப் பலகையைத் தட்டி அவளைக் கூப்பிடுகிறார்கள்.