ஐந்து செவுள் கீறல்கள்

பிறந்த குழந்தைக்கான பனியன் அது. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். மார்பில் நீலச் சுறா ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்கு அந்த சாம்பிள் வந்த காலையில்தான் அக்கா பதினெட்டு நாள் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தார்.

அக்கா எங்கள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அடுத்த மேசை எனக்கு. அவர் தூத்துக்குடிப் பக்கம் மீன்பிடிக்கிறவர் வீட்டுப் பெண், கல்லூரியில் விலங்கியல் படித்தவர். அவருக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. முதலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஏனுங்க, இன்னுங் கொஞ்ச நாள் ஊட்டுல இருந்திருக்கலாமுங்களே" என்றார். "சும்மா இருந்து என்ன செய்ய சார்" என்று அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தார்.

சாம்பிளை நான் மேசைக்குள் மறைத்து வைத்திருந்தேன். மதியம் அவரே கேட்டு வாங்கினார். சுறாவை விரலால் தடவி, "செவுள் நாலு கீறல்தான் போட்டிருக்காவ. அஞ்சு வரணும்லா" என்றார். பிறகு வயிற்றுத் துடுப்பைத் தொட்டு, "ஆணுன்னா இங்கன ரெண்டு குழல் மாதிரி நீட்டிட்டு இருக்கும். இதுல இல்ல. இது பொட்ட" என்றார். அதே குரலில், "எனக்கும் பொட்டப் புள்ளதான்" என்றார்.

சில சுறாக்கள் முட்டையிடும், சிலவற்றின் முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரியும், பால்சுறாவுக்கு நம்மைப் போலவே தொப்புள்கொடி உண்டு என்று பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். "அப்பா அது வயித்த அறுக்கும்போது குட்டி கொடியோட வெளிய வரும். துடிச்சா கடல்ல விட்டிருவாவ. துடிக்கலேன்னா கூடையில." நான் தலையாட்டினேன்.

"பேருதான் பால்சுறா. குட்டிக்குப் பாலெல்லாம் குடுக்காது. பெத்ததும் அது பாட்டுக்குப் போயிரும்" என்றபோது அவர் சுடிதாரின் மார்பில் ஈரம் படர்வதைப் பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். முகம் மாறவில்லை. கட்டிங் மேசைக்கடியில் கிடந்த வேஸ்ட் துணியில் இரண்டு துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தார்.

"நானும் வரட்டுங்களாக்கா?"

"வேண்டாம். நீ பிரிண்டிங்குக்கு மெயில் போடு."

போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. ஐந்தாவது கீறலை எவ்வளவு நீளம் கேட்பது என்றுதான் யோசித்தேன்.

சரக்கு சொன்ன நாளில் போனது. அடுத்த மாதம் அக்கா வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்கிறேன். போன வாரம் அவரே போனில் கூப்பிட்டார். நலம் விசாரித்தார்.

"இருந்திருந்தா இன்னைக்கு அவளுக்கு ரெண்டு வயசு" என்றார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.