எந்த வயதை அழுத்தினீர்கள்?

“மெதுவா அழுத்துங்க சார், இன்னா அழுத்துறீங்கன்னு நான் பார்க்கணும்” என்று அன்புச்செல்வி சொல்லி முடிப்பதற்குள் பரத் நான்கைந்து இடத்தில் அழுத்திவிட்டான். மெனு திறந்தது, மூடியது. அட்டவணை வந்து நின்றது.

“பாத்தீங்களாக்கா? மறுபடியும் ஐம்பத்திரண்டு. சாஃப்ட்வேர் பொய் சொல்லாது.”

“நான் கட்டளை எழுதி ஓட்டினா எழுபத்தொண்ணு வருதே.”

“அப்ப நீங்க எழுதினதுல தப்பு இருக்கும்.”

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறை அது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் மூச்சைக் கணக்கெடுக்க பெங்களூரிலிருந்து ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் வந்திருந்தது. பரத் அதன் ஆள்; வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்ப உள்ளூரில் அமர்த்தப்பட்டவள் அன்புச்செல்வி. இருநூற்றுப் பதினான்கு பேர் குழாயில் ஊதினார்கள். அவரவர் வயதுக்கும் உயரத்துக்கும் ஊத வேண்டிய அளவில் நூற்றுக்கு எண்பதைத் தொடாதவர்களை மறுநாள் காலை பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அழைத்துப் போவார்கள். ஸ்கேன், மருந்து, ஒரு வருடம் வைத்தியம். பரத்தின் அட்டவணைப்படி ஐம்பத்திரண்டு பேர். அன்புச்செல்வியின் கணக்குப்படி எழுபத்தொரு பேர். நடுவில் விழுந்த பத்தொன்பது பேரில் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

சம்பங்கி இருபத்தெட்டு வருடம் பூமிக்குக் கீழே பாறையில் துளை போட்டவர். மாடிப்படி ஏறி வந்த இரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

“லிஸ்ட்ல என் பேரு இல்லியாமே செல்வி? அவ்வளவு நல்லாவா ஊதிட்டேன்?”

“நல்லா ஊதல மாமா. நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன்.”

“பின்ன இன்னா, மூச்சு வாங்கற மாதிரி நடிக்கிறேன்னு சொல்றாரா தம்பி?”

பரத் திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. “அப்படி யாரும் சொல்லல சார். டேட்டா அப்படி வருது.”

டேட்டா அப்படி வருது. இந்த வார்த்தையை அன்புச்செல்வி முன்பும் கேட்டிருக்கிறாள். ஊரிகம் லைனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, புள்ளியியல் படித்து, ஒன்பது வருடம் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவள். ஒரு சர்வே கம்பெனியில் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. ஒருமுறை அறிக்கையில் ஓர் ஊரே காணாமல் போயிற்று. என்ட்ரி தப்பு என்றார்கள். நாலாயிரம் படிவத்தையும் அவள் மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. யாரோ மெனுவில் எதையோ அழுத்தியிருந்தார்கள். யார், எதை, எப்போது என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவளைத்தான் அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள்.

அதன் பிறகுதான் மெனுவுக்குப் பதில் கட்டளை எழுதக் கற்றாள். மென்பொருள் இலவசம் என்பதால் தன் பழைய லேப்டாப்பிலேயே போட்டுக்கொண்டாள். அடுத்த வேலைக்குப் போகும் ரயிலில் பங்காருபேட்டை தாண்டி உட்கார இடம் கிடைத்தால் மடியில் வைத்து எழுதுவாள். அட்டவணையில் எந்தப் பத்தியை எடுத்தோம், யாரை விட்டோம், எதை எதால் வகுத்தோம், எல்லாம் வரி வரியாக இருக்கும். தப்பு செய்தால் தப்பும் அங்கேயே இருக்கும். மெனுவின் மேல் அவளுக்குப் பகை கிடையாது. அவசரத்துக்கு அவளும் திறப்பாள். ஆனால் ஓகே பட்டனுக்குப் பக்கத்திலேயே பேஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் மெனுவில் தேர்ந்தெடுத்ததை அந்த மென்பொருளே கட்டளையாக எழுதிக் கொடுக்கும். ஒரே ஒரு பட்டன். அதைக்கூடத் தொடாமல் அடுத்தவள் எழுதியதைத் தப்பு என்கிறார்கள். அதுதான் அவளுக்கு எரிந்தது.

“எந்தப் பத்தி எடுத்தீங்க சார்?”

“வயசு, உயரம், ஊதின அளவு. வேற என்ன?”

“எந்த வயசு?”

“வயசுன்னா வயசுதான்க்கா.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மெனுவைத் திறந்தாள். அவன் கடைசியாகத் தேர்ந்தெடுத்தவை அப்படியே இருந்தன. ஓகேயை விட்டுவிட்டு பேஸ்டை அழுத்தினாள். வெள்ளைத் திரையில் நான்கு வரிகள் வந்தன. இரண்டாவது வரியில் இருந்தது: கம்பெனி வயது.

லைனில் பலருக்கு இரண்டு வயதுக் கணக்கு. பதினான்கில் வேலைக்குப் போனவர்கள் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் ஏறிய அந்த வயதே பென்ஷன் தாளுக்கும் ஆதாருக்கும் போயிற்று. கேள்வித்தாளில் ஒரே ஒரு வயதுதான் கேட்டிருந்தது. முதல் வீட்டிலேயே “எந்த வயசு சொல்லட்டும்?” என்று கேட்டார்கள். அதனால் அன்புச்செல்வி சொந்த வயதுக்கு இன்னொரு பத்தி சேர்த்து, பள்ளிச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்து நிரப்பினாள். வயது ஏற ஏற எதிர்பார்க்கும் மூச்சின் அளவு குறையும். நான்கு வயதைக் கூட்டிப் போட்டால் நோயாளி தேறிவிடுவார்.

“அதுதான சார் அஃபிஷியல்?” என்றான் பரத், சம்பங்கியைப் பார்த்து.

“கம்பெனிக்கு நான் எழுபது. எங்கம்மாவுக்கு நான் அறுபத்தாறு” என்றார் சம்பங்கி. “நெஞ்சு எந்த வயசுக்கு இரைக்கணும்னு நீயே சொல்லுப்பா.”

பரத்தின் காது சிவந்தது. “லிஸ்ட் மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. இப்ப மாத்தினா நல்லா இருக்காது. மீதிப் பேரை அடுத்த கேம்ப்ல பாத்துக்கலாம்.”

“அடுத்த கேம்ப் எப்போ?”

“அடுத்த வருஷம்.”

“பட்டனை அழுத்த ரெண்டு நிமிஷம், அதைத் திருத்த ஒரு வருஷமா? என் கணக்கைத் தப்புன்னு சொல்றப்ப நல்லா இருந்துச்சா? ஒரு வரி எழுதி வெச்சிருந்தா நானே காலையில சொல்லியிருப்பேன் சார். உங்க கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கீங்க, இன்னா பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியல!”

அன்புச்செல்வி தன் லேப்டாப்பைத் திறந்தாள். அவன் வரிகள் நான்கையும் தன் வரிகள் முப்பத்தொன்றையும் ஒரே கடிதத்தில் வைத்து, பத்தொன்பது பேரையும் எழுதி, பெங்களூரில் இருக்கும் இயக்குநர் மமதாவுக்கு அனுப்பினாள். நகலைப் பரத்துக்கும் அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு வண்டி வந்தது. ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தொன்பது பேர் ஏறினார்கள். ஒன்பதரைக்கு மமதாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டு கட்டளைகளையும் ஓட்டிப் பார்த்ததாகவும், எழுபத்தொன்றுதான் சரி என்றும், இன்னொரு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தாள். தவறு எப்படி வந்தது என்று அதில் இல்லை. அன்புச்செல்வி பத்தொன்பது வீட்டுக்கும் போன் செய்தாள். பதினான்கு பேர் வந்தார்கள். சம்பங்கி பதினோரு மணி வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஐந்து பேருக்குத் தகவல் எட்டவில்லை. மதியம் பரத் உயரப் பத்தியைச் சரிபார்த்தான். அப்போதும் மெனுவில்தான் செய்தான்; பேஸ்டைத் தொடவில்லை.