திருப்பிக் கேட்காத புத்தகங்கள்

ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. துண்டால் வாயைத் துடைத்தேன். துண்டு சிவந்திருந்தது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். திருச்சியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இடது நுரையீரலில் க்ஷயம் (இப்போது காசநோய் என்கிறோம்) என்றார். அதைக் கொல்லும் மருந்து அப்போது கிடையாது. ஓய்வு, பால், முட்டை, நல்ல காற்று. அதோடு பதினைந்து நாளைக்கு ஒருமுறை நியூமோதோராக்ஸ் (விலாவில் ஊசி குத்தி உள்ளே காற்றேற்றி, புண்பட்ட நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பது).

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்குங்க."

"அப்ப நீங்க அந்த வீட்ல இருக்கக் கூடாது."

எங்கள் கடலைக் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டு போனேன். என் மனைவி சூசையம்மாள் இரண்டு வேளையும் சோற்றை வேலியோரக் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பேசினால் எனக்கு இருமல் வரும். அதனால் ஓரிரு வார்த்தையோடு பார்த்துக்கொண்டு நிற்போம், பிறகு அவள் போய்விடுவாள். அதற்குமேல் அன்றைய பகலில் மனிதக் குரல் கிடையாது. சில நாள் என் பெயரை நானே சொல்லிப் பார்த்தேன்.

படிக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டேன். க்ஷயக்காரன் தொட்ட புத்தகத்தை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆகவே, போனால் போகட்டும் என்று விட்ட புத்தகங்களே எனக்கு வந்தன. முதல் தடவை வந்தவை அட்டை இல்லாத துப்பறியும் நாவல் ஒன்று, மாட்டு வைத்தியம், நட்சத்திரங்களைப் பற்றி ஒரு நூல், ஒரு கப்பல் பயணக் கதை.

"இதென்ன சூசை, மாட்டு வைத்தியம்?"

"எனக்கு எழுத்துத் தெரியுமாங்க? பங்குச் சாமியார்கிட்டயும் பஸ் கண்டக்டர்கிட்டயும் கேட்டேன். குடுத்ததை வாங்கிட்டு வாரேன்."

அடுத்த முறை போனபோது டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "என்ன படிக்கிறீங்க?" என்றார். சொன்னேன். "கொலை, துரத்தல் எல்லாம் மெதுவாப் படிங்க. ஒங்க நெஞ்சு ஓடக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து படிப்பதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். காய்ச்சல் இறங்கியிருக்கும் காலையில் நாவல், ஓர் அத்தியாயம் மட்டும். காய்ச்சல் ஏறும் பிற்பகலில் மாட்டு வைத்தியம், நட்சத்திரம், பின்னால் வந்த கிணறு வெட்டும் விதம். உங்களில் யாராவது இப்போது தனியறையில் படுத்திருந்தால் இதைச் செய்து பாருங்கள். கதை மட்டும் படித்தால் அதில் வரும் மனிதர்கள் போனபின் அறை முன்னைவிடக் காலியாகிவிடும். கோமாரி கண்ட மாட்டின் குளம்பை எப்படிக் கழுவுவது என்று படிக்கும்போது யாரும் வருவதில்லை, அதனால் யாரும் போவதுமில்லை.

ஒரு மாலை சூசையம்மாள், "என்னதான் படிக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்க" என்றாள். கப்பல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். குரல் எட்டவில்லை. கேட்பதற்காக அவள் வேலியைத் தாண்டி இரண்டடி வந்தாள்.

"அங்கிட்டே நில்லு!" என்று கத்திவிட்டேன். கத்தியதில் ரத்தம் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு நாளும் கதை கேட்கவில்லை. புத்தகம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வருடம் எடை ஏறியது. கோழையில் கிருமி இல்லை என்றார் டாக்டர். வீட்டுக்குப் போகலாம், ஆனால் குடிசையில் இருந்ததை எல்லாம் எரித்துவிட வேண்டும் என்றார். புத்தகங்களைக் கூரையோடு சேர்த்து எரித்தேன். சில நூல்களுக்கு முதல் பக்கமே இல்லாததால், அவற்றின் பெயர்கூட இன்றுவரை எனக்குத் தெரியாது. சூசையம்மாள் அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பு அவள் உள்ளங்கை இவ்வளவு சொரசொரப்பாக இருந்ததில்லை.

வீட்டு வாசலில் என் மகள் ஞானம் நின்றாள்.

"யாரு ஆத்தா இவுக?"

"ஒங்க அப்பா."

"அப்பா கொல்லைலதான இருக்காக?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இடது நுரையீரல் இன்னும் முழுதாக விரிவதில்லை. ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்கிறேன். வகுப்புப் பிள்ளைகள் அந்த இரண்டு மூச்சுக்கும் நடுவில் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். அந்த மூன்று வருடங்களை என் வயதோடு சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஞானத்தின் வயதில் அவை சேர்ந்துவிட்டன.