விலாவுக்குக் கீழே ஒரு தலை

என் மகளின் தலை எங்கே இருக்கிறது என்று முதலில் சொன்னவன் என் தம்பி. அந்தத் தலைக்குரிய முகத்தை வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகப் பார்த்தவனும் அவன்தான். முதலாவதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டாவதுக்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

வளைகாப்பு முடிந்து சென்னையிலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவும் தம்பியும் மட்டும் இருக்கும் வீடு. கணவருக்குச் சென்னையில் வேலை. ஞாயிறுதோறும் வந்து போவார். தம்பி பட்டுக்கடையில் விற்பனையாளன். நான் நாளிதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதை வெட்டிச் சீராக்குவது என் வேலை. விடுப்பில் வந்ததால் வெட்ட எதுவும் இல்லை. வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வலது விலாவுக்கு அடியில் உருண்டையாக ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. குழந்தையின் பின்புறம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தம்பியின் கையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"இன்னாக்கா இது, தேங்கா கணக்கா இருக்குது" என்றான். "பின்பக்கம்னா இவ்ளோ கெட்டியாவா இருக்கும்? தலைக்கா இது."

அந்த வாரமே ஸ்கேன் அதை உறுதி செய்தது. பிட்டம் கீழே, தலை மேலே. "இன்னும் டைம் இருக்குதும்மா, திரும்பலாம்" என்றார் டாக்டர். திரும்பாவிட்டால் அறுவை சிகிச்சை.

தலை கீழே இருக்கும் குழந்தை உதைத்தால் விலாவில் படும் என்பார்கள். எனக்கு எல்லாம் நேர்மாறு. விலாவைத் தலை நெம்பியது. பிட்டம் மூத்திரப்பையை அழுத்தியது. நிமிர்ந்து உட்கார்ந்தால் மூச்சு பாதியில் நின்றது. குனிந்தால் நெஞ்செரிச்சல். இரண்டாவது இட்லிக்கு இடமில்லை. விலாவின் ஓரிடம் தொட்டாலே வலித்தது. அங்கே ஈரத்துணியை மடித்து வைத்துக்கொள்வேன். சாய்ந்து உட்காரச் சொன்னார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், சிறிது நேரம் முழங்காலிட்டு முன்பக்கமாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுத் தலையணைகள் எல்லாம் உட்கார்ந்ததும் அமுங்கிப்போகிறவை.

மறுநாள் தம்பி கடையிலிருந்து ஒரு திண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வாடிக்கையாளர்கள் மெத்தையில் சாய்ந்து புடவை பார்க்க வைத்திருக்கும் திண்டு. உறை கிழிந்ததால் ஒதுக்கியிருந்தார்கள்.

"கல்யாணப் பட்டு எடுக்க வந்து காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் சாஞ்சிக்கினு இருக்கிற பொம்பளைங்களையே இது தாங்குது. உன்னைத் தாங்காதாக்கா?"

தாங்கியது. முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தால் விலாவுக்கும் அந்தத் தலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சுகம் அதுதான். மார்பில் அணைத்துக் கவிழ்ந்தால் மூச்சு முழுதாக இறங்கியது.

கடையிலிருந்து வந்ததும் தம்பி கைகால் கழுவிவிட்டு வயிற்றுக்கு எதிரே உட்காருவான். "டேய், மாமா வந்துட்டேன். இன்னா, இன்னும் மேல்மாடியிலயே குடியிருக்கியா? கீழ எறங்கு. இல்லன்னா வாடகைய ஏத்திடுவேன்." தலை ஒருமுறை நகரும். அவன் குரலுக்கா, என் சிரிப்பில் வயிறு குலுங்கியதற்கா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பதில் சொல்கிறது என்பான் அவன்.

அம்மாவின் கவலை வேறு. படுக்கையில் நான் புரளவே கூடாது என்பாள். இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போக வேண்டுமானால் எழுந்து உட்கார்ந்து, பிறகு திரும்பிப் படுக்க வேண்டும். "பொரண்டா கொடி சுத்திக்கும்மா." விலாவில் தலையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்காருவது லேசான காரியமில்லை.

"எம்மா, அது திரும்பணும்னு கோயில் கோயிலா வேண்டிக்கினு இருக்கோம்" என்றான் தம்பி. "அக்காவையே திரும்பாதன்னா அது எங்கேந்து திரும்பும்?"

"வாயக் கழுவு" என்றாள் அம்மா.

காலால் பிறந்த குழந்தை மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். எதிர்வீட்டுத் தறிக்காரர் ஜன்னலருகே வந்து கேட்டார்: "கொழந்தைக்குக் கால் கீழயாமே? மொத மிதி எனக்குத்தாம்மா. தறியில உக்காந்து உக்காந்து இடுப்பே போயிடுச்சு."

"டோக்கன் போட்டுக்கோண்ணே" என்றான் தம்பி.

குழந்தை திரும்பவில்லை. கையால் வெளியிலிருந்து திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். முடிவெடுப்பதற்காகப் பிரசவத்துக்கு முன் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. "நெறையக் கொழந்தைங்களுக்கு இருக்கும்மா, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா திருப்ப வேணாம். சிசேரியனே பண்ணிடலாம்" என்றார் டாக்டர். எனக்கு ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது. காத்திருக்கும் வேலை முடிந்தது.

ஸ்கேனுக்கு அம்மாவும் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், தம்பி கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னாள்: "கொடி மாலையா சுத்திப் பொறக்கிற கொழந்தை தாய்மாமனுக்கு ஆகாது. எண்ணெயில தெரியற கொழந்த மொகத்தத்தான் மொதல்ல அவன் பாக்கணும். அது வரைக்கும் அவன் கண்ணுல காட்டக் கூடாது."

இந்த மாதிரி ஒரு வரி செய்தியில் வந்தால் 'என்று நம்பப்படுகிறது' என்று சேர்ப்போம். இடம் போதாவிட்டால் வெட்டிவிடுவோம். நான் வெட்டத்தான் வாயெடுத்தேன். டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள்.

"நீயும் மாலை சுத்தித்தான் பொறந்த" என்றாள். "அப்போ யாரும் எண்ணெய் வெக்கல. என் தம்பி ஆசுபத்திரிக்கே ஓடியாந்து, நேரா கையில தூக்கிக்கினான்."

என் மாமா லாரி மோதி இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. சட்டம் போட்ட படமாகத்தான் தெரியும். அந்த லாரியையும் என் பிறப்பையும் அம்மா மனதில் சேர்த்து வைத்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சோறு ஊட்டினாள், படிக்க வைத்தாள், சென்னைக்கு அனுப்பினாள். ஒருவேளை என்னைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடமிருந்து நேர்ப் பதில் வந்திருக்காது.

தம்பியிடம் அவளே சொன்னாள். அவன் சிரித்துத் தள்ளிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கொடியை டாக்டர் சட்டென்று விலக்கிவிட்டாராம். பெண். பிட்டம் முதலில் வந்தது. கால்கள் இரண்டும் நேராக மேலே மடங்கி, பாதங்கள் காதருகே இருந்தன. வெளியே வந்த பிறகும் அவள் அப்படியேதான் கிடந்தாள். துணியில் சுற்றிப் படுக்கவைத்தால் கொஞ்ச நேரத்தில் கால்கள் எழும்பி முகத்துக்குப் போய்விடும். "உள்ள இருந்த பழக்கம், தானா எறங்கிடும்" என்று நர்ஸ் சிரித்தார்.

கணவர் சந்தோஷத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டார். அம்மா பதறிப்போனாள். படத்தில் பார்த்தால் கணக்கில் சேருமா என்று யாருக்கும் தெரியவில்லை. "மொகம் மொகந்தானே? அழிங்க மாப்ள, மொதல்ல அழிங்க." அவர் அழிப்பதற்குள் என் போனில் ஒரு வரி வந்து நின்றது: தம்பி குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். படம் வந்த சத்தம் கேட்டதும், திறக்காமலே வெளியேறியதாகப் பிறகு சொன்னான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவன் ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் ஒரு நண்பன் வீட்டில் தங்கப் போயிருந்தான். எண்ணெய் வைக்க, குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்த பிறகுதான் நல்ல நாள் அமைந்தது. காலையில் கடைக்குப் போகும் வழியில் பாலும் மருந்தும் வாங்கி வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பான். குழந்தை அழுதால் கதவுக்கு வெளியே நின்று கேட்பான்.

"காதுல கேட்டா பரவால்லையாம்மா?"

"காதுக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல" என்று உள்ளிருந்தே சொல்வாள் அம்மா.

போனில் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கால்கள் மேலே போவது, தூங்கும்போது கட்டைவிரல் கன்னத்தில் படுவது, தலை அச்சில் வார்த்ததுபோல் உருண்டையாக இருப்பது. எது எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று செய்தியாளன்போல் விவரம் கேட்பான். நானும் விவரமாகவே சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தால் ஒன்றுமே சொல்லாததுபோல் இருக்கும்.

நல்ல நாள் வந்தது. அகன்ற வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தாள் அம்மா. தம்பி புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தலை குனிந்தபடியே வந்து கிண்ணத்தின் முன் உட்கார்ந்தான். குழந்தையை அவன் தோளுக்குப் பின்னால் நான் தூக்கிப் பிடித்தேன்.

"தெரியுதாடா?"

"ஃபேன நிறுத்தும்மா, ஆடுது."

ஃபேனை நிறுத்தினாள். எண்ணெய் அடங்கியது. வெகுநேரம் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு அவன் திரும்பி, குழந்தையை நேராகப் பார்த்தான். வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை. நான்தான் மடியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் வரை அவன் குழந்தையைக் கீழே வைக்கவில்லை. என் போனில் இருந்த பழைய படங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தள்ளிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "கால மேல வெச்சிக்கினு தூங்கும்னு சொன்னியே. காட்டுக்கா."

அதற்குள் கால்கள் இறங்கி ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. குழந்தையை அவன் மடியிலேயே படுக்கவைத்து, இரண்டு கால்களையும் மெதுவாகப் பிடித்து மேலே மடக்கினேன். விட்டதும் அவள் நீட்டிக்கொண்டாள். மறுபடி மடக்கினேன். அவள் முகம் சுளித்து உதைத்தாள்.

"விடுக்கா, பாவம்" என்றான்.