நாற்பத்தேழு டிக்கெட்

இன்று வலியசாலையிலிருந்து பேரூர்க்கடைக்கு பஸ்ஸில் போனேன். மடியில் பேரனின் கறுப்பு ஸ்வெட்டர். நாளை அவன் டெல்லிக்குக் கிளம்புகிறான், வலது கை மட்டும் பாக்கி.

இடது கைக்கு அறுபது வரி பின்னியிருந்தேன். வலதுக்கும் அறுபதுதான் வரவேண்டும். கறுப்பு நூலில் வரியைத் திரும்ப எண்ண என் கண்ணால் ஆகாது. அதனால் மனசுக்குள் எண்ணிக்கொண்டே பின்னினேன்.

"எத்தனை டிக்கெட், அம்மே?" என்றார் மலையாளி கண்டக்டர்.

"நாப்பத்தேழு."

"பாக்கி நாப்பத்தாறு பேரு எவிடே?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஊசியை எடுத்தால், எண்ணிக்கை மறந்துபோயிருந்தது. என்ன எண் சொன்னேன் என்று கேட்டால், பக்கத்து சீட்டு அம்மாளுக்கும் நினைவில்லை.

பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். "நாப்பத்தேழாக்கும் அம்மே. அத்தனை டிக்கெட் கேட்டவங்களை நான் மறப்பேனா?"

ஸ்வெட்டர் முடிந்தது. இரண்டு கையும் சமம்.

அடுத்த வாரமும் அதே பஸ்தான். அந்த நாற்பத்தாறு பேரில் யார் யார் வருகிறீர்கள், கீழே கமெண்ட்டில் எழுதுங்கள்.