சட்டைக்குள் இருந்த மில் பெயர்

“வியாழன். கீழ் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பிடவில்லை.”

தீபாவளிக்கு முந்தின வாரம் என் நாட்குறிப்பில் மனைவியைப் பற்றி எழுதியிருப்பது இவ்வளவுதான்.

செங் வட்டாரத்தில் உள்ள துணி மில்லில் அவள் பரிசோதகர். அங்கே நெய்யும் உயர்ரகப் பருத்தித் துணி ஒரு காலத்தில் முழுக்க வெளிநாட்டுத் தையல்காரர்களுக்கே போனது. இப்போது பெரும்பகுதி, பேரங்காடிகளில் நடுத்தர விலைக்குச் சட்டை விற்கும் கம்பெனிகளுக்குப் போகிறது. மேல் மேசை பழைய வாடிக்கையாளர்களின் துணிக்கு. கீழ் மேசை இந்தக் கம்பெனிகளுக்கு. வேலை ஒன்றுதான்: விளக்கு எரியும் கண்ணாடிமேல் ஓடும் துணியில், கண்ணுக்குத் தப்பிய முடிச்சை விரலால் கண்டுபிடிப்பது.

அவள் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. இனிப்பு நீர் நோய், சர்க்கரைதான். கிளினிக்கில் சொன்னதை அவள் மில்லில் சொல்லவில்லை. வாடிக்கையாளர் முடிச்சோடு திருப்பி அனுப்பிய துணி சொல்லிவிட்டது. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை சூப்பர்வைசர் கைச் சோதனை வைப்பார். தேறாவிட்டால் கீழ் மேசையும் கிடையாது.

அந்த நாட்களில் திரைச்சீலை, தலையணை உறை, என் பழைய வேட்டி என்று கண்ணை மூடித் தடவிக்கொண்டே இருந்தாள். “நல்லாதான் தெரியுது” என்பாள், நான் கேட்காமலே.

தீபாவளிக் காலை, பாச்சாங்கில் வேலை செய்யும் மகள் எனக்கு வாங்கி வந்த சட்டையைப் பிரித்தாள். காலருக்குக் கீழே கம்பெனியின் பெயர்; அதனடியில் சிறு பட்டியில் துணி நெய்த மில்லின் பெயர்.

“அம்மா, இங்க பாருங்க, உங்க மில்லு! அப்பாவுக்கு இனி மவுசுதான். கறிக்குழம்ப மட்டும் மேல ஊத்திக்காதீங்கப்பா.”

மனைவி மஞ்சள் குழைத்துக் காலரின் உள்முனையில் வைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சட்டையின் முன்பக்கத்தைத் தடவினாள்.

“இது எங்க துணி இல்ல.”

“பேரு போட்டிருக்குலா, மா.”

“பேர யாரு வேணும்னாலும் தைக்கலாம். எங்க துணி வழுக்கும். இது சாக்கு மாதிரி கெடக்கு.”

மகள் சட்டையையே பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். சட்டையின் மார்பில் குறுக்காக மஞ்சள் இழுத்திருந்தது. விரலில் ஈரம் இருந்தது மனைவிக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தாள். கறையைப் பார்த்தாள். பிறகு மில்லில் மடிப்பதைப் போலவே, ஓரத்தோடு ஓரம் வைத்துச் சட்டையை மடித்தாள்.

“அப்பாவுக்குப் பழைய ஜிப்பாவ எடுத்துக் குடு,” என்றாள் மகளிடம்.

திங்கட்கிழமை ஃபேக்டரி பஸ் வாசலில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் சமையலறையில் இருந்தாள். நான் கூப்பிடவில்லை.

சட்டை அலமாரியில் இருக்கிறது. கறை போகவில்லை. நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லாத் துணியும் ஒன்றுதான். அது அந்த மில்லில் நெய்ததுதானா, பட்டியை மட்டும் தைத்தார்களா என்று கடையில் விசாரித்தேன். அவர்களுக்குத் தெரியவில்லை. மில்லில் விசாரிக்க எனக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் கேட்கவில்லை. ஆகவே, இன்றுவரை இது உறுதி செய்யப்படவில்லை.